நீர்க்குரங்குச் சண்டை

எலும்பம்மாவுக்கும் அவள் நாத்தனாருக்கும் சண்டை மூண்டது மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வியில். நகைக்கும் வீட்டுக்கும் அடித்துக்கொள்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், குரங்குக்காக அடித்துக்கொள்கிற குடும்பம் உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான் என்று எலும்பம்மாவின் கணவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவர் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் பார்வையைச் சரி செய்கிறவருக்கு, வீட்டில் இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தள வாழ்க்கை.

எலும்பம்மா என்பது அருங்காட்சியக ஊழியர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவளுக்கு அது தெரியும், பிடித்தும் இருந்தது. மனிதப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. காலையில் கிடங்கைத் திறந்து, இரும்பு அலமாரியின் இழுப்பறைகளில் பஞ்சுமேல் கிடக்கும் தாடைகளையும் தொடையெலும்புகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். பெரும்பாலும் அச்சில் வார்த்த நகல்கள்தான். ஆனாலும் ஓர் இடுப்பெலும்பைக் கையில் கொடுத்தால், அதற்கு உரியவர் நிமிர்ந்து நடந்தவரா, கைகளை ஊன்றி நடந்தவரா என்று சொல்லிவிடுவாள். சாப்பாட்டில் முடி கிடந்தால் மற்றவர்கள் எப்படி முகம் சுளிப்பார்களோ, அப்படி அவள் ஆதாரமில்லாத வாக்கியத்தைக் கேட்டால் முகம் சுளிப்பாள்.

நாத்தனார் கணவருக்கு மூத்தவள். மாடியில் தனியாகக் குடியிருந்தாள். நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்தாள். பிள்ளைகள் அவளை மீனக்கா என்று கூப்பிட்டார்கள். சில வருடங்களுக்கு முன்பு வரை முழங்காலளவுத் தண்ணீரைக் கண்டாலே பின்வாங்குகிற ஆள் அவள். ஒரு விடுமுறை நாளில் நண்பர்களோடு ஏரிக்குப் போன அவள் கணவர், கரையிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே முழுகிப்போனார். அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். அடுத்த வருடம் அவள் போய் நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். ஏன் என்று கேட்க வீட்டில் யாருக்கும் துணிவு வரவில்லை. நடுத்தர வயதில், நடுங்கிக்கொண்டே, குளத்தின் கம்பியைப் பிடித்தபடி கற்றுக்கொண்டாள். கற்றவள் கற்றுக்கொடுக்கவும் ஆரம்பித்தாள். அந்த நாட்களில் எலும்பம்மாவுக்கு அவள்மேல் மரியாதைதான் இருந்தது.

பிறகுதான் அந்தக் கொள்கை எங்கிருந்தோ நாத்தனாரின் கையில் சிக்கியது. மனிதனின் முன்னோர்கள் மரத்திலிருந்து இறங்கி நேரே வெட்டவெளிக்குப் போகவில்லையாம். நடுவில் நெடுங்காலம் தண்ணீரோரம் வாழ்ந்தார்களாம். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று நின்றுதான் நிமிர்ந்தார்கள், நீந்தி நீந்தித்தான் உடம்பு முடியை இழந்தது, தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்தது, மூச்சை நினைத்தபோது அடக்க வந்தது, அந்த மூச்சிலிருந்துதான் பேச்சு பிறந்தது என்று அது போகும். படித்தவர்கள் பெரும்பாலோர் ஒதுக்கித் தள்ளிய கொள்கை. ஆனால் கேட்கச் சுகமானது. ஒரு சாவி, எல்லாப் பூட்டும் திறக்கும்.

நாத்தனார் அதை முதலில் குளக்கரையில் காத்திருக்கும் பெற்றோர்களிடம் சொன்னாள். யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். ஈரத்தலையோடு, கழுத்தில் விசிலோடு, குளத்துக்குள் நின்றபடியே அவள் பேசும் அந்தக் காட்சியை ஊரே பார்த்தது. கண்ணாடிக்கடைக்கு வருகிறவர்கள்கூட, "உங்க அக்காவாமே" என்று விசாரித்தார்கள்.

முதல் மோதல் மாடிப்படியில் நடந்தது. எலும்பம்மா துணி காயப்போட மேலே போனாள். நாத்தனார் குளத்துக்குக் கிளம்பிக் கீழே வந்தாள்.

"நீ படிச்சவதான, சொல்லு. மத்த குரங்குக்கெல்லாம் உடம்பு பூரா முடி இருக்கு. நமக்கு ஏன் இல்ல?"

"வேர்வை காயணும்ல அண்ணி. வெயில்ல அலைஞ்ச உடம்பு. முடி இருந்தா சூடு இறங்காது."

"திமிங்கலத்துக்கு முடி இல்ல. அத யோசிச்சியா?"

"நீர்நாய்க்கு வாழ்க்கையே தண்ணில. அதுக்கு உடம்பெல்லாம் முடி. காண்டாமிருகத்துக்கு முடி கிடையாது. அது என்ன, முத்துக் குளிக்கவா போச்சு?"

நாத்தனார் இறங்கிப் போனாள். அன்று சாயங்காலம் குளத்தில் ஐம்பது பேர் நடுவில், எங்கள் வீட்டிலேயே ஒரு காண்டாமிருகம் இருக்கிறது, அதற்குத் தோல் தடிமன், ஒன்றும் உறைக்காது என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். அதுவும் இணையத்தில் வந்தது. எலும்பம்மா அதைத் தன் அலுவலக அறையில், உதவியாளர்களின் முன்னால் பார்க்க நேர்ந்தது. அவர்கள் சிரிக்காமல் இருப்பதற்குப் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் போர்தான். துணி சொட்டினால் சண்டை, மோட்டார் போட்டால் சண்டை, எல்லாம் சுற்றி வந்து கடைசியில் குரங்கில் முடியும். கணவர் வாயைத் திறந்தால், நீங்கள் எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் கேட்டார்கள். அவர் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் அருங்காட்சியகத்தில் புதிய மனிதக் கூடம் கட்டி முடிகிற கட்டத்தில் இருந்தது. அதன் சுவர்களில் எந்தப் பலகையில் எந்த வாசகம் என்று எலும்பம்மாதான் எழுதிக்கொண்டிருந்தாள். இயக்குநர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். வாசலில் கூட்டம் சேர்கிறதா என்பதைத் தவிர வேறு எதையும் பெரிதாக எண்ணாத மனிதர். நீச்சல் குளத்து அம்மாள் பேசுவதை அவரும் பார்த்திருந்தார். அவர் பேரப்பிள்ளை அங்கேதான் நீந்துகிறதாம். தண்ணீர்க் கொள்கைக்கும் ஒரு பலகை வைத்தால் என்ன, இரண்டு பக்கமும் சொன்னதுபோல ஆகும் என்றார்.

"இதுல ரெண்டு பக்கம் இல்ல சார். ஒரு பக்கம் எலும்பு. இன்னொரு பக்கம் ஆசை."

இயக்குநர் விடவில்லை. அப்படியானால் பொதுமக்கள் முன்னால் இரண்டு பேரும் பேசுங்கள், கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றார். எதிர்த்துப் பேச வருகிறவள் தன் நாத்தனார் என்று எலும்பம்மா சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. அப்படியானால் அரங்கம் நிறைந்துவிடும் என்றார்.

நிறைந்துதான் போனது. முன் வரிசைகளில் நீச்சல் குளத்துப் பெற்றோர்கள், மடியில் குழந்தைகளோடு. பின்னால் கல்லூரி மாணவர்கள். ஓரத்தில் கணவர், எந்தப் பக்கமும் சாயாத ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் முதலில் பேசினாள். திரையில், தாயின் கைகளுக்கு நடுவே தண்ணீரில் கண்ணைத் திறந்து மிதக்கும் ஒரு பச்சைக் குழந்தையைக் காட்டினாள். பேச்சை எழுதிக்கொண்டு வரவில்லை. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் இதயம் தானாக நிதானமாகிறதே, உடம்புக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். விரல் நுனி ஊறிச் சுருங்குகிறதே, ஈரத்தில் பிடி வழுக்காமல் இருக்கத்தானே என்றாள். கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்ததைச் சொன்னாள்.

எலும்பம்மா எழுந்தாள். தன் முறைக்கு அவள் சொன்னதெல்லாம் சரிதான். இதயம் நிதானமாவது நாய்க்கும் எலிக்கும்கூட உண்டு என்றாள். நிமிர்ந்த நடை ஒரு காலத்தில் வந்தது, மற்ற மாற்றங்கள் அதற்குப் பல லட்சம் வருடங்கள் கழித்து வந்தன, ஒரே குளியலில் எல்லாம் வந்துவிடவில்லை என்றாள். எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகளைத் திரையில் காட்டினாள். காய்ந்த தரையில் நடந்த கால்கள். ஆற்றோரம் போனவர்களை முதலை தின்ற அடையாளம் எலும்பில் இருக்கிறது, தண்ணீரோரம் யாரும் தாய்வீட்டுச் சுகத்தில் இருக்கவில்லை என்றாள். ஆனால் தேர்வுத்தாளில் சிவப்பு மையால் அடிக்கிறவள் குரல் அவளுடையது. கூட்டம் அவள் சொன்னதைக் கேட்கவில்லை; அவள் திட்டுகிறாள் என்பதை மட்டும் கேட்டது. ஒரு குழந்தை அழுதது. எழுந்து வெளியே போனவர்கள் திரும்பி வரவில்லை.

கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் இளம் தாய் எழுந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. தண்ணீர் நமக்குச் சொந்தம் என்றால் பிள்ளைகளை அதில் விடப் பயப்படவே வேண்டாம்தானே என்று நாத்தனாரைக் கேட்டாள்.

நாத்தனார் சிரித்தாள். "எதுக்குப் பயம்? தண்ணி நம்மள பெத்தவ. பெத்தவ கொல்ல மாட்டா."

எலும்பம்மாவுக்கு உச்சந்தலையில் ஏதோ வெடித்தது. அந்தக் குழந்தையைப் பார்த்தாள். தலையாட்டிக்கொண்டே உட்காரும் அந்தத் தாயைப் பார்த்தாள். நாக்குக்கு எலும்பில்லை என்பார்கள். எல்லா எலும்பையும் அறிந்தவளுக்கு அது மட்டும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"அப்ப உங்க வீட்டுக்காரர யார் கொன்னது அண்ணி?"

ஒலிபெருக்கி அதை அரங்கத்தின் கடைசி நாற்காலிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

நாத்தனார் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்தக் காலத்தில் குளத்துக் கம்பியைப் பிடித்து நின்றது போலவே. பிறகு குனிந்து ஒலிவாங்கியில் சொன்னாள்.

"தண்ணிதான். தண்ணிதான் கொன்னுச்சு. அதனாலதான் நான் அதுல இறங்கினேன்."

அவ்வளவுதான். மேடையிலிருந்து இறங்கி நடுப்பாதை வழியாக வெளியே போனாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. யாரோ எலும்பம்மாவைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கேட்டார்கள். அவளுடைய சொந்த உதவியாளர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது. கணவர் அக்காவின் பின்னால் போய்விட்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்தவுடன் எலும்பம்மா அவரிடம் கேட்டாள், தான் சொன்னதில் எது பொய் என்று. ஒரு தாய் அந்தப் பேச்சை நம்பிப் பிள்ளையைத் தண்ணீரில் விட்டிருந்தால் யார் பொறுப்பு என்று.

"பொய்னு யாரு சொன்னா?" என்றார் அவர். "அத சொல்ல வேற வழி உனக்குத் தெரியும். நீ தேடித் தேடி அந்த வழிய எடுத்த."

தட்டில் சாப்பாட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இரண்டு தட்டு.

மறுநாள் இயக்குநர் பலகை வைப்பது உறுதியாகிவிட்டது என்றார். மக்கள் உணர்வை மதிக்க வேண்டாமா என்றார். ஆக, எந்தப் பொய்யை உள்ளே விடக்கூடாது என்று நின்றாளோ, அதற்குத் தன் வாயாலேயே கதவைத் திறந்துவிட்டாள். வாசகத்தை எழுத வேண்டியவளும் அவளே. எழுதினாள். இயக்குநர் படித்துவிட்டு, இது பலகையா, குற்றப்பத்திரிகையா என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி எழுதினாள், மறுபடி திரும்பி வந்தது.

அதற்குள் நாத்தனார் மாடியைக் காலி செய்தாள். குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு பார்த்துக்கொண்டாள். சாமான் இறங்கும்போது எலும்பம்மா சமையலறையில் நின்றாள். படியில் கட்டில் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்து ஒரு கை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தான் சொன்னது உண்மை என்ற ஒன்றைத்தான் அன்றும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் மாடி காலியான பிறகு அந்த உண்மை அவளுக்குத் துணையாக இல்லை. கிடங்கில் தாடையெலும்பை எடுத்தால், மேசையைப் பிடித்து நின்ற கை கண்முன் வந்தது.

ஒருநாள் மதியம், கணவரிடம்கூடச் சொல்லாமல் குளத்துக்குப் போனாள். வகுப்புகள் இல்லாத நேரம். குளோரின் வாடை மூக்கைக் குத்தியது. நாத்தனார் நீளக் கம்பில் கட்டிய வலையால் தண்ணீரில் விழுந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்று என்றாள். வா என்று சொல்லவில்லை.

எலும்பம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் நின்றாள்.

"அன்னிக்கு அண்ணன் பேர நான் இழுத்தது தப்பு. அதுக்கு மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். நீங்க சொன்னதும் தப்புதான். ஆனா ரெண்டும் வேற வேற தப்பு."

நாத்தனார் வலையை உதறினாள். "மன்னிப்பு கேக்கும்போதுகூட ஒரு ஊசிய சொருகாம இருக்க முடியல உன்னால."

"முடியல."

"சரி. அது உன் குணம்." இலைகளை வாளியில் தட்டினாள். "பெத்தவ கொல்ல மாட்டான்னு இனிமே சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு மறுநாளே புள்ளைய தூக்கிட்டு வந்துச்சு, அப்படியே தண்ணில போடச் சொல்லி. திருப்பி அனுப்பிட்டேன். அதனால நிறுத்துறேன். உனக்காக இல்ல."

எலும்பம்மா தலையாட்டினாள். போவதா நிற்பதா என்று தெரியவில்லை. நாத்தனார் கம்பைச் சுவரில் சாய்த்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ உடம்பு படிச்சவ. பொய் சொல்லாம சொல்லு. அவர் ரொம்ப நேரம் துடிச்சிருப்பாரா?"

இந்தக் கேள்வியை இவள் எத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிந்தாளோ என்று எலும்பம்மாவுக்குத் தோன்றியது. ஆறுதலாக ஒரு பொய் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பொய் சொல்லாமல் என்று கேட்டிருக்கிறாள்.

"தெரியாது அண்ணி. மூச்சு நின்னா சீக்கிரமே நினைவு போயிடும். அதுக்கப்புறம் வலி தெரியாது. அது வரைக்கும் எவ்வளவு நேரம்னு யாராலயும் சொல்ல முடியாது."

"இதயம் நிதானமாகுமே. முகத்துல தண்ணி பட்டா."

"ஆகும். அது உண்மை."

"நான் சொன்னா எலிக்கும் நாய்க்கும் உண்டுன்ன. இப்ப மட்டும் உண்மையா?"

"அப்பவும் உண்மைதான். நீங்க அதிலிருந்து எடுத்த முடிவுதான் பொய்."

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஈரம் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அணைக்கவில்லை. "உன்னோட ஒரே வீட்ல இருக்குற என் தம்பிக்குத்தான் கோயில் கட்டணும்," என்றாள். பிறகு பலகையில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள்.

எலும்பம்மா கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். குளத்துச் சுவரோரத்து பெஞ்சில் இரண்டு பேரும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். சண்டை மறுபடி தொடங்கியது. 'சிலர் கற்பனை செய்கின்றனர்' என்று இருந்தது. கற்பனை செய்ய நாங்கள் என்ன கதையா எழுதுகிறோம் என்று நாத்தனார் அதை அடித்தாள். 'சிலர் கருதுகின்றனர்' என்றானது. 'அறிஞர்' என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னாள். எலும்பம்மா முடியாது என்றாள். கடைசி வரிக்கு வந்தார்கள். 'இதை நிறுவும் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை.'

"இதுவரை," என்றாள் நாத்தனார்.

"என்ன?"

"இதுவரை கிடைக்கலன்னு போடு. நாளைக்குக் கிடைக்காதுன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா?"

எலும்பம்மாவால் முடியாது. நாளைக்குத் தோண்டப்போகிற மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சத்தியம் செய்ய ஒழுங்காகப் படித்த யாராலும் முடியாது. அந்தச் சொல் எதற்காக வருகிறது என்று தெரிந்தும், அதைத் தள்ள அவளிடம் காரணம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதிய சொற்களிலேயே அவ்வளவு வெறுப்போடு எழுதிய சொல் அது ஒன்றுதான்.

கூடம் திறந்த அன்று நல்ல கூட்டம். இயக்குநருக்குத் தரையில் கால் பாவவில்லை. நாத்தனார் தன் நீச்சல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். தண்ணீர்ப் பலகைக்கு முன்னால் நின்று, அதன் கண்ணாடிமேல் விரலை வைத்து, இந்தச் சொல்லைப் படி, சத்தமாகப் படி என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னாள். இதுவரை, இதுவரை என்று கூடம் எதிரொலித்தது. எலும்பம்மா பக்கத்துப் பெட்டியருகே நின்று, சாம்பலில் பதிந்த காலடிகளை வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் குரலும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. கணவர் இரண்டுக்கும் நடுவில், ஒரு மண்டையோட்டைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பெண்களும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. கிளம்பும்போது நாத்தனார் தம்பியிடம் மட்டும், "வரேன்டா," என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு எலும்பம்மா பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணாடியில், அந்த ஒரே சொல்லின்மேல், விரல் ரேகைகள் அப்பிக் கிடந்தன. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். அடுத்த வாரமும் அங்கே ரேகை இருந்தது, அதற்கடுத்த வாரமும். துடைக்கத் துப்புரவு ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கண்ணாடியை மட்டும் யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாரம் தவறாமல் அவளே திட்டிக்கொண்டு துடைத்தாள்.